பொங்கல் என்று எழுதிய மூன்று கற்கள்

"இன்னா வேலை பாக்கற?" என்று பாகூர்ப் பக்கம் யாராவது கேட்டால், "கல்லு உடைக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். விளக்கமாகச் சொன்னால் ஆபத்து. "அப்ப எங்க வூட்டுச் சுவரு ஏன் வெடிக்குதுன்னு வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாலத்துக்கும் சாலைக்கும் ஊற்றுகிற கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, ஆறங்குலக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, குறித்த நாளில் எந்திரத்தில் வைத்து அழுத்துவேன். எவ்வளவு தாங்கிவிட்டு உடைகிறது என்று எழுதிக் கொடுப்பேன். கல் உடைக்கிறேன் என்பது பொய்யே இல்லை.

எங்கள் ஆய்வகம் வில்லியனூருக்கு வெளியே, ஒரு கரும்புக் கொல்லையை ஒட்டி இருக்கிறது. கரும்புக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ததாலோ என்னவோ, எனக்கு அந்த யோசனை வந்தது. சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்த சக்கையை எரிக்கிறார்கள். சாம்பல் மலை மலையாகக் குவிகிறது. அதை நன்றாகச் சலித்து, சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் இதைச் சேர்த்தால் கான்கிரீட் கெட்டுப்போவதில்லை, நிதானமாக இறுகுகிறது. ஆய்வகத்தில் பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்துவிட்டேன். ஆபீஸ் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் எழுந்து நின்று, "சார், நெஜமான பாலத்துலயே போட்டுப் பாக்கலாம்" என்றேன்.

எங்கள் பெரிய அதிகாரி சிரிக்கிற ரகம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரிம்மா. சின்னதா ஒண்ணு தர்றேன். தேறினா பாலம் நிக்கட்டும். தேறலன்னா நீயே நின்னு இடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார்.

அவர் கொடுத்தது பாகூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தெரு. கழனி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் வீடுகள், நாற்பது இருக்கும். இரண்டு பனைமரத்தைப் போட்டு அதன்மேல்தான் நடை. பைக்கை எல்லாம் இந்தப் பக்கமே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் வராது. பாலம் வரப்போகிறது என்றதும் தெருவே கூடிவிட்டது. சாம்பல் கலந்த பாலம் என்றதும் முகமெல்லாம் சுருங்கிவிட்டது.

"ஆரம்பிக்கும்போதே சாம்பலா? நல்லா இருக்குதே" என்று முணுமுணுத்தார்கள். எங்கள் மேஸ்திரிதான் காப்பாற்றினார். அவர் வேதக்காரர். "எங்க கோயில்ல சாம்பல் புதனுக்கு நெத்தியிலயே பூசுறாங்க. நீங்க தெனிக்கும் விபூதி பூசுறீங்க. பாலம் பூசிக்கினா மட்டும் இன்னா கேடு?" என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. அடுத்ததாக ஒருவர், கரும்புச் சாம்பல் ஆயிற்றே, பாலத்தில் எறும்பு மொய்க்காதா என்று கேட்டார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். ஒரு சிட்டிகைச் சாம்பலை என் நாக்கில் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் கான்கிரீட் போட்டோம். கட்டிகள் ஒன்பது வார்த்தேன். ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று, ஐம்பத்தாறாம் நாள் மூன்று என்று உடைப்பதாக ஏற்பாடு. பாலம் எந்தக் காற்றிலும் வெயிலிலும் இருக்கிறதோ அதே இடத்தில்தான் கட்டிகளும் ஊற வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டதால், பாலத்தடியில் ஒரு சிமெண்ட் தொட்டியை வைத்து அதில் போட்டேன்.

பாலத்துக்குத் தண்ணீர் விட அந்தத் தெருவிலேயே ஓர் அக்காவை வேலைக்குச் சேர்த்தோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிறந்ததிலிருந்து நாற்று நட்ட கை. நான் ஈரச் சாக்குப் போடச் சொன்னேன். அந்த அக்கா அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. களிமண்ணைக் குழைத்து, பாலத்தின் மேல் வரப்புக் கட்டி, நாலு பாத்தி பிரித்து, கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்திவிட்டார். மேஸ்திரி பார்த்துவிட்டு, "நாத்து விடப் போறியா?" என்று கேட்டார். "உன் மூஞ்சிக்குக் களை எடுக்கவும் ஆளு வெச்சிடறேன், போ" என்றார் அக்கா. ஆனால் நான் பார்த்த எந்தப் பாலமும் அப்படிக் குளிரக் குளிர ஊறியதில்லை.

அவ்வளவு அக்கறைக்குக் காரணம் இருந்தது. அக்காவின் மகன் திருபுவனையில் கம்பெனி வேலை. மருமகளுக்குத் தலைப்பிரசவம், தைப்பூசத்துக்கு முன்னே பின்னே என்று நாள் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் சிக்கலான பிரசவம், வலி எடுத்த உடனே பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"வலியோட அந்தப் பனைமரத்து மேல அவள எப்படி மேடம் நடத்திக்கினு போவேன்?" என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவே இல்லை. தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் மூன்று கட்டிகளை உடைத்தேன். சொதப்பிவிட்டது. மார்க் போடுவது போல, கட்டி தாங்குகிற பாரத்துக்கு ஓர் எண் உண்டு; எங்களுக்கு இருபத்தெட்டாம் நாளில் அது இருபத்தைந்து வர வேண்டும். ஏழாம் நாளில் பதினாறாவது காட்டும் என்று நினைத்தேன். காட்டியது பதிமூன்று. சாம்பல் மெதுவாகத்தான் இறுகும், அது அதன் குணம் என்று அதிகாரியிடம் சொன்னேன். "குணம் எல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இருபத்தெட்டாம் நாள் இருபத்தஞ்சு வந்தா தெறந்துடலாம். ஒண்ணு கொறஞ்சாலும் இடிச்சுட்டு மறுபடி போடணும்" என்றார். மறுபடி போட்டுத் திறக்கப் பங்குனி ஆகிவிடும். தைப்பூசம் அதற்காகக் காத்திருக்காது.

இந்த இடத்தில்தான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. ஏழாம் நாள் கட்டி எடுக்கும்போது மேஸ்திரியின் ஆள் அவசரத்தில் கைக்கு வந்ததைத் தூக்கிக் கொடுத்தான். எல்லாம் ஒரே நாளில் வார்த்தவை, ஒரே கலவை, அதனால் நஷ்டமில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். கட்டிக்கு எண் போட்டால் இவர்களுக்குப் புரியாது, நாளைச் சொன்னால் புரியும் என்று முடிவு செய்தேன். இருபத்தெட்டாம் நாள் மாட்டுப் பொங்கலன்று வருகிறது. ஐம்பத்தாறாம் நாள் மாசி பிறக்கும்போது வருகிறது. சிவப்புப் பெயிண்டை எடுத்து, குண்டு குண்டான எழுத்தில், மூன்று கட்டியின் மேல் 'பொங்கல்' என்றும் மூன்று கட்டியின் மேல் 'மாசி' என்றும் எழுதினேன். எழுதிவிட்டுத் தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன்.

மாட்டுப் பொங்கலன்று ஆய்வகம் விடுமுறை. சாவியை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். காலையில் வீட்டில் ஒரு வாய் பொங்கலைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். வழியெல்லாம் கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள் நகர மறுத்து நின்றன. பாலத்தடிக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். மூன்று கட்டிகள்தான் இருந்தன. மூன்றிலும் 'மாசி'.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாய்க்கால் தண்ணீரே கொதித்திருக்கும். மேஸ்திரிக்கு போன் போட்டு அவருடைய பண்டிகையைக் கெடுத்தேன். தெருவுக்குள் போய், யார் கட்டியை எடுத்தது, அரசாங்கச் சாமானில் கை வைக்க என்ன தைரியம், போலீசுக்குப் போவேன் என்றெல்லாம் பொதுவாகக் கத்தினேன். நாலைந்து பேர் கையில் கரும்போடு வேடிக்கை பார்த்தார்கள். கத்திக்கொண்டே அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்தேன். கோலத்துக்கு நடுவே என் மூன்று கட்டிகளும் முக்கோணமாக உட்கார்ந்திருந்தன. கரி பிடித்து, ஓரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் நேற்றைய சாம்பலோடு. கரிக்கு அடியில் என் சிவப்பு எழுத்து இன்னும் தெரிந்தது.

அக்கா மலர்ந்த முகத்தோடு வந்தார். "வா மேடம். நேத்தே வருவன்னு பாத்தேன். இன்னா ஒரு கல்லு. ஆடல, அசையல. தெருவுல எல்லாருக்கும் செங்கல்லு, எங்க வூட்டுக்கு மட்டும் கவர்மெண்டு கல்லு."

"ஏங்க்கா எடுத்தீங்க?"

"நீதான பொங்கல்னு எழுதி வெச்ச? அரிசி, வெல்லம்லாம் குடுக்கற மாதிரி இந்த வருசம் அடுப்புக் கல்லும் குடுக்கறாங்க போலன்னு நெனச்சேன். கரெக்டா மூணு வேற இருந்துது. தண்ணி வுட்டதுக்கு எனக்குன்னு எடுத்து வெச்சிருக்கன்னு மருமவ கூட சொன்னா."

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது? அக்காவையா, அந்தக் குண்டு எழுத்தையா? நிஜத்தைச் சொன்னால் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊற வேண்டிய கட்டி தீயில் ஒரு மணி நேரம் வெந்திருக்கிறது. போதாததற்குக் கொதிக்கிற பால் வேறு பொங்கி மேலே வழிந்திருக்கிறது. இனி அதை உடைத்து வருகிற கணக்கை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் செத்துவிட்டது. உள்ளேயிருந்து மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

அங்கேயிருந்தே அதிகாரிக்கு போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அது சிரிப்புதான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"மாசிக் கட்டி மூணு இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார். இன்னிக்கே ஒடைச்சுடவா?"

"ஒடைக்கலாம். இருபத்தஞ்சு வந்தா தெறக்கறேன். வரலன்னா மாசியில காட்ட உங்கிட்ட ஒண்ணுமே இருக்காது. பாலத்தை இடிக்க வேண்டியதுதான். மாசி வரைக்கும் பொறுத்தின்னா உன் சாம்பல் கட்டாயம் இறுகும்னு நீயே சொல்லுற. பாலம் பொழைக்கும். ஆனா அதுவரைக்கும் தெறக்க மாட்டேன். முடிவு உன்னுது" என்று வைத்துவிட்டார்.

பொறுத்தால் பாலம் தப்பும், மருமகள் பனைமரத்தின் மேல் நடக்க வேண்டும். பொறுக்காமல் உடைத்துக் குறைந்துவிட்டால் இரண்டும் போச்சு. பதிமூன்று காட்டிய கலவை மூன்று வாரத்தில் இருபத்தைந்துக்கு ஏறியிருக்குமா? தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்போதுதான் வாசலில் இருந்த கட்டிகள் மேல் கண் போனது. கணக்குக்குத்தான் அவை ஆகாது. எனக்கு ஒரு துப்புச் சொல்லுமே.

"அக்கா, இதுல ஒண்ணு குடுங்க. ஒடைச்சுப் பாக்கறேன்" என்றேன்.

"பொங்கின கல்ல ஒடைக்கறதா?" அக்கா ஓரடி பின்னால் போனார். "நல்ல நாளும் அதுவுமா அப்படிச் சொல்லாத மேடம். புள்ளத்தாச்சி இருக்கற வூடு."

நான் விளக்கினேன். கெஞ்சினேன். கடைசியில் அக்கா, "சரி, ஒண்ணு எடுத்துக்க. ஆனா அந்தக் கெழக்குப் பக்கத்துக் கல்லு மட்டும் வாணாம். பால் அதும்மேலதான் பொங்குச்சு" என்றார். எனக்கோ அந்தக் கல்தான் வேண்டும். தீயும் பட்டு, பாலும் கொட்டி, மூன்றில் ரொம்ப அடிபட்டது அதுதான். அது எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்தால்தான் எனக்குத் தைரியம் வரும். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அக்கா மருமகளைப் பார்த்தார். மருமகள் பனைமரம் கிடந்த பக்கம் பார்த்தாள். அக்கா குனிந்து, புடவைத் தலைப்பால் கரியைத் துடைத்து, கிழக்குப் பக்கத்துக் கல்லைத் தூக்கி என் கையில் வைத்தார். "நானும் வரேன். என் கண்ணு முன்னாடி ஒடை."

ஸ்கூட்டரில் காலடியில் நாலு கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி. பின்னால் அக்கா. ஆய்வகத்தைத் திறந்து, கரி பிடித்த கட்டியை எந்திரத்தில் வைத்து, பாரத்தை ஏற்றினேன். முள் நகர்ந்தது. பத்து, பதினைந்து, இருபது. கான்கிரீட் உடைவதற்கு முன்னால் உள்ளே நறநறவென்று ஒரு சத்தம் வரும், பல்லைக் கடிப்பது மாதிரி. அக்கா எந்திரத்தின் பக்கம் காதைச் சாய்த்து நின்றார். சத்தம் வந்தது. பொட்டென்று உடைந்தது. இருபத்துநாலு.

ஒன்று குறைச்சல். மாசி வரைக்கும் பொறுத்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எவ்ளோ வரணும்?" என்றார் அக்கா.

"இருபத்தஞ்சு."

"இது எவ்ளோ?"

"இருபத்துநாலு."

"நெருப்புல வெந்து, பாலுல வெந்து, இதுவே இம்மாந்தூரம் தாங்குது. தண்ணில குளுந்து கெடந்தது தாங்காதா? நான் வுட்ட தண்ணி மேடம் அது. வெய்யி."

அந்தத் தொட்டிக்கும் சேர்த்து இத்தனை நாள் தண்ணீர் மாற்றி வைத்தது அந்தக் கைதான். வைத்தேன். முதல் மாசிக் கட்டி இருபத்தாறு. இரண்டாவது இருபத்தேழு. மூன்றாவது இருபத்தைந்தைத் தாண்டும்போது நறநற வரவே இல்லை. இருபத்தெட்டுக்குப் போய்த்தான் உடைந்தது. நான் எந்திரத்தை நிறுத்திவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவர் புடவையிலிருந்த கரியெல்லாம் என் புது சுடிதாரில். அம்மா வாங்கிக் கொடுத்த பொங்கல் சுடிதார் அது, இன்னும் அந்தக் கறை போகவில்லை.

அதிகாரி விடுமுறை முடிந்ததும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அறிக்கையில் 'பொங்கல்' கட்டிகளுக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டேன். "பொங்கிவிட்டதுன்னு எழுது" என்றார். இந்தத் தடவை இருமவில்லை.

தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால், பகல் பதினோரு மணி இருக்கும், அக்காவிடமிருந்து போன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லிவிட்டு, கேட்காமலே மீதியையும் சொன்னார். ஆட்டோ தெருவுக்குள்ளேயே வந்து வாசலில் நின்றதாம். மருமகளை ஏற்றிவிட்டு அக்காவும் ஏறியிருக்கிறார். பாலத்துக்கு வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கிவிட்டாராம்.

"ஏங்க்கா?"

"எறங்கி, ஓரமா குனிஞ்சு, காத வெச்சிக்கினு கூடவே நடந்தேன் மேடம். அந்த நறநற வருதான்னு. அந்த ஆட்டோக்காரன் பைத்தியம்னு நெனச்சிருப்பான். ஒரு சத்தமும் இல்ல. சும்மா தரையாட்டம் கெடந்துது."

போனை வைத்த பிறகு நான் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து நன்றாக அழுதேன். எத்தனையோ பாலத்துக்குக் கட்டி உடைத்திருக்கிறேன். அதன் மேல் காதை வைத்துக் கேட்டவர் அந்த அக்கா ஒருவர்தான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது, வருஷம் திரும்பி மறு மார்கழியில் அதை முடித்தேன். அடுப்புக்கு மூன்று கல் வேண்டும், அக்காவிடம் இரண்டுதான் இருந்தது. அதே சாம்பல், அதே கலவையில் ஒரே ஒரு கட்டி வார்த்து, இருபத்தெட்டு நாள் ஊறவைத்து, சிவப்புப் பெயிண்டில் 'பொங்கல்' என்று எழுதி, பொங்கலன்று காலையில் பாலத்தின் மேலேயே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனேன். அக்கா இடுப்பில் பேத்தியோடு நின்றார். கல்லை வாங்கி, விரல் முட்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டார்.

"எத்தினி நாள் கல்லு?"

"இருபத்தெட்டு."

"ஒடைச்சுப் பாத்தியா?"

"ஒடைச்சா எப்படிக்கா அடுப்பு வெக்கறது?"

"பாக்காமயே இன்னா தெகிரியத்துல கொண்டாந்த?"

"நீங்க தண்ணி வுட்டா மாதிரியே வுட்டேன்கா."

அக்கா என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் பேத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கல்லைக் கிழக்குப் பக்கம் வைத்தார். பால் அந்தப் பக்கம்தான் பொங்கியது.